அவசரம்: வாக்கிங்ல இழுக்குறான்

கரிசல்_மணி: நாலு நாளா பையனை வெளிய கூட்டிட்டுப் போக முடியல. பார்த்த உடனே இழுத்துட்டு ஓடுறான். நேத்து என் முழங்கை சிராய்ச்சிருச்சு. என்ன பண்ணா நிப்பான்? சீக்கிரம் சொல்லுங்க, சாயங்காலம் போகணும்.

மொட்டைமாடி: எதைப் பார்த்த உடனே? என்ன இனம், என்ன வயசு, கழுத்துல என்ன போட்டிருக்கு?

சாந்தி_அக்கா: பையன்னதும் உங்க பிள்ளையோன்னு பதறிட்டேன்.

பழைய_ஆள்: இதே கேள்விக்கு இங்க பத்துத் தடவை பதில் சொல்லியாச்சு. தேடிப் பார்க்க எல்லாருக்கும் வலிக்குது. அடக்கத் தெரியாதவங்க எதுக்கு நாய் வளர்க்கணும்?

ரத்தினம்: தெம்பு தீரல தம்பி. வாரம் ஒருக்கா காட்டுப்பக்கம் முயல் விரட்ட விடுங்க, அடங்கிரும்.

மொட்டைமாடி: அண்ணே, முயல் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். விரட்ட விட்டா விரட்டத்தான் பழகும்.

கரிசல்_மணி: சாரி. சிப்பிப்பாறை, 14 மாசம். ஆட்டைப் பார்த்தாத்தான். பெல்ட்டு, இரும்புச் செயின்.

சாந்தி_அக்கா: முயல் பிடிக்க வளர்த்த இனம், ஓடுறதைக் கண்டா கால் தானா கிளம்பும். அது கோபம் இல்ல. ஆடு கண்ணுல படணும், ஆனா அவன் விறைக்கக் கூடாது. அந்தத் தூரத்தைக் கண்டுபிடிங்க. எங்க கன்னி இன நாய்க்கு முதல்ல 60 அடி தேவைப்பட்டுச்சு. காது நிமிர்ந்து, வாய் மூடி, உடம்பு கட்டையாகுறதுக்கு முன்னாடியே அவிச்ச ஈரல் துண்டு ஒண்ணு. ஆடு தெரிஞ்சா ஈரல், ஆடு மறைஞ்சா ஈரலும் கிடையாது. போகப்போக ஆட்டைப் பார்த்துட்டு உங்க மூஞ்சியைப் பார்ப்பான். ஈரலைத் தொடலைன்னா ரொம்பக் கிட்டப் போயிட்டீங்க, பின்னாடி வாங்க. செயினைச் சுண்டாதீங்க, ஆடு வந்தாலே வலின்னு மனசுல பதிஞ்சிரும். அப்புறம் இதுக்குத் தலை ஒடுக்கம், பெல்ட்டை உருவிட்டு ஓடிரும். நெஞ்சைச் சுத்தி மாட்டுற ஹார்னஸ் வாங்குங்க.

ரத்தினம்: கன்னிங்கிறீங்களே, கறுப்பா? வெளுப்பா இருந்தா அது சிப்பிப்பாறை.

சாந்தி_அக்கா: கறுப்புதான். புருவத்துல பழுப்புப் பொட்டு.

பழைய_ஆள்: ரெண்டும் ஒரே நாய். நிறம்தான் வேற.

ரத்தினம்: இதை எங்க ஊருக்கு வந்து சொல்லிப் பாருங்க!

மொட்டைமாடி: 2005ல நாட்டு நாய்களுக்குத் தபால்தலை விட்டப்போ நம்ம தமிழ்நாட்டு இனத்துல ராஜபாளையம்தான் வந்துச்சு. உங்க ரெண்டு பேர் நாயும் வரல. சண்டையை நிறுத்துங்க. மணி, பகல்ல அவன் எங்க இருப்பான்?

கரிசல்_மணி: கொட்டகைல கட்டியிருப்போம். 6 மணிக்கு 10 நிமிஷம் வெளிய.

மொட்டைமாடி: ஆடு பட்டிக்குத் திரும்புற நேரமாச்சே அது! இதை முதல்லயே சொல்லக் கூடாதா? கொஞ்ச நாளைக்கு 7:30க்குப் போங்க, அரை மணி நேரம் மோப்பம் பிடிச்சே நடக்கட்டும். ஈரல் பழக்கத்தை லீவு நாள்ல தூரமா நின்னு பண்ணுங்க.

பழைய_ஆள்: நான் சொல்ல வந்ததும் அதான்.

கரிசல்_மணி: ஞாயித்துக்கிழமை ஊருணிக்கரைல நின்னோம். மூணு தடவை ஆட்டைப் பார்த்தான், மூணு தடவையும் ஈரல் தின்னான். நாலாவது தடவை இழுத்துட்டான். ஹார்னஸ் என்ன சைஸ் வாங்க?

சாந்தி_அக்கா: நெஞ்சுச் சுற்றளவு எத்தனை அங்குலம்?

சாந்தி_அக்கா: தம்பி?