புளியங்கொட்டைப் பசையில் கொலஸ்டிராலை இணைத்தால் நானோ துகளுக்குப் பதிலாக வெண்படிவு வருவது ஏன்?

கேள்வி:
புளியங்கொட்டைப் பொடியிலிருந்து எடுத்த சைலோகுளூகானுடன் (அதன் பசைத்தன்மைக்குக் காரணமான நீண்ட சர்க்கரைச் சங்கிலி) கொலஸ்டிரால் சக்சினேட்டை (பிணைப்பதற்கேற்ற அமிலப் பகுதி கொண்ட கொலஸ்டிரால்) இணைத்து, நீரில் தாமாகவே திரளும் நானோ துகள்களைப் பெற முயல்கிறேன். நூறு சர்க்கரை அலகுகளுக்கு 20 கொலஸ்டிரால் என்ற கணக்கில், டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பானில், பிணைப்பைத் தூண்டும் கார்போடைஇமைடு சேர்த்து வினையை நடத்தினேன். பின்னர் கரைப்பானை நீரால் மாற்ற, கலவையை நுண்துளைச் சவ்வாலான டயாலிசிஸ் பையில் இட்டேன். பையில் நீர் புகத் தொடங்கியதும் வெண்ணிறத் திட்டுகள் படிந்துவிடுகின்றன. மூன்று முறை செய்தும் இதே நிலைதான்.

மறுமொழி 1:
கொலஸ்டிரால் மிகுந்துவிட்டது என்றே கருதுகிறேன். ஜப்பானிய ஆய்வாளர்கள் அகியோஷி, சுனமோட்டோ ஆகியோரின் குழு 1993இல் கொலஸ்டிரால் இணைத்த புல்லுலான் என்ற சர்க்கரைச் சங்கிலியைக் கொண்டு இத்தகைய துகள்களை விவரித்தது. புல்லுலான் பூஞ்சையிலிருந்து கிடைப்பது என்றாலும் அடிப்படை ஒன்றுதான். அங்கே நூறு குளுக்கோஸ் அலகுகளுக்கு இணைந்தவை ஏறத்தாழ இரண்டு கொலஸ்டிரால்களே. துகள்களின் அளவோ 20 முதல் 30 நானோமீட்டர். நீரை வெறுக்கும் அந்தச் சில தொகுதிகள் ஆங்காங்கே கூடி முடிச்சுகளாகின்றன. முடிச்சுகளுக்கு இடைப்பட்ட சர்க்கரைச் சங்கிலி நீரை ஏற்று உப்பியிருப்பதால்தான் துகள் கரைசலில் நிலைக்கிறது. முடிச்சுகள் நெருங்கிவிட்டால் நீரைப் பிடிக்கும் நீளம் எஞ்சாது, பொருள் படிந்துவிடும். நீங்கள் கூறும் 20 என்பது சேர்த்த அளவு. உண்மையில் இணைந்தது எவ்வளவு என்பதை அணுக்கரு காந்த ஒத்ததிர்வு (NMR) நிறமாலையில் பாருங்கள். ஆனால் கனநீரில் எடுக்க வேண்டாம். அதில் கொலஸ்டிரால் துகளின் உள்ளே இறுகி, அதன் முகடுகள் மங்கிவிடும். டியூட்டீரியம் ஏற்றிய டைமெத்தில் சல்பாக்சைடே ஏற்றது.

மறுமொழி 2:
மேற்கண்ட விளக்கம் சரியே. ஆயினும் நான் முதலில் ஐயுறுவது மூலப்பொருளைத்தான். விதைப் பொடியில் புரதமும் எண்ணெயும் உண்டு. புரதத்திலுள்ள அமீன் தொகுதிகள் சர்க்கரையின் ஹைட்ராக்சில் தொகுதிகளைவிட எளிதாக வினைபுரிவதால், கொலஸ்டிராலின் ஒரு பகுதி புரதத்தில் ஏறிப் படிந்திருக்கலாம். பொடியைக் கொழுப்பு நீக்கி, நீரில் கொதிக்கவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து, எத்தனாலில் படியவைத்துத் தூய்மை செய்துகொள்ளுங்கள். கரைப்பானில் ஈரம் இருந்தால் கார்போடைஇமைடு வீணாகும் என்பதையும் மறக்க வேண்டாம். இணையாத கொலஸ்டிராலும் நீரில் வெண்மையாகவே படியும். டயாலிசிஸுக்கு முன் அதைக் கரிமக் கரைப்பானால் கழுவி நீக்கிவிடுவது நல்லது.

மறுமொழி 3:
துகள் வேண்டாம், களி (ஜெல்) மட்டுமே தேவையெனில் கொலஸ்டிராலே வேண்டியதில்லை. பீட்டா காலக்டோசிடேஸ் நொதியால் சைலோகுளூகானின் பக்கக்கிளைகளிலுள்ள காலக்டோஸ் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கினால், குளிரில் கரைசலாக இருப்பது சூடேறும்போது களியாகும்.

கேள்வி கேட்டவர்:
எனக்குத் துகள்களே தேவை; கொழுப்பில் கரையும் மருந்தை உள்ளே ஏற்றுவதுதான் நோக்கம். நான் கடையில் வாங்கிய பொடியை அப்படியே பயன்படுத்தியிருந்தேன். அதைத் தூய்மை செய்து, கொலஸ்டிராலை 3 ஆகக் குறைத்து மீண்டும் செய்கிறேன். கூடவே, கொலஸ்டிரால் சேர்க்காத சைலோகுளூகானையும் இதே படிகளில் நடத்திப் பார்க்கிறேன். அதுவும் படிந்தால், பிழை வினையில் இல்லை என்பது தெளிவாகும்.