சிங்கப்பூரில் எம்பிஏ சேருமுன் அந்தப் பள்ளி எதற்காகத் தொடங்கப்பட்டது என்று பாருங்கள்

வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து கொஞ்சம் காலூன்றியதும் நம்மவர்கள் பலர் கேட்பது, “அண்ணா, இங்கே எம்பிஏ எங்கே சேரலாம்?” என்பதுதான். உடனே யாராவது ஒரு தரவரிசைப் பட்டியலை அனுப்பிவிடுவார்கள். தரவரிசை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு பிசினஸ் ஸ்கூல் எந்தத் தேவைக்காகப் பிறந்தது, யார் கையில் இருக்கிறது என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது. பாடம் நடக்கும் விதமும் கூடப் படிக்க வருகிற ஆட்களும் பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான் அமைகிறார்கள். அதனால் முதலில் கொஞ்சம் வரலாறு.

என்யுஎஸ், அதாவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கலாம். அப்போது அதன் பெயர் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம். 1965இல், நாடு தனியான அதே ஆண்டில், அங்கே வணிக நிர்வாகத் துறை தொடங்கப்பட்டது. ஜூரோங்கில் தொழிற்பேட்டை எழுந்துகொண்டிருந்த காலம் அது. ஆலைகளையும் அலுவலகங்களையும் நடத்த உள்ளூரிலேயே படித்த மேலாளர்கள் வேண்டியிருந்தார்கள். 1980இல் நன்யாங் பல்கலைக்கழகத்தோடு இணைந்து அந்தப் பல்கலைக்கழகம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆனது. இன்று கென்ட் ரிட்ஜில் இருக்கும் அதன் பிசினஸ் ஸ்கூல் பெரிய குடும்பம்: கணக்கியல், நிதி, மார்க்கெட்டிங் எல்லாம் அதற்குள்ளேயே தனித்தனித் துறைகள், ரியல் எஸ்டேட் துறைகூட அங்கேதான். பலதரப்பட்ட பாடங்களை ஒரே கூரையின் கீழ் தேடுகிறவருக்கு அது வசதி.

என்டியு, அதாவது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கதை வேறு. 1981இல் பழைய நன்யாங் வளாகத்தில் பொறியாளர்களை உருவாக்குவதற்காகத் தொடங்கிய தொழில்நுட்பக் கழகம் அது. 1987இல் என்யுஎஸ்ஸில் இருந்த கணக்கியல் பள்ளியை அங்கே மாற்றினார்கள். நன்யாங் பிசினஸ் ஸ்கூல் அந்த வேரிலிருந்து வளர்ந்தது. கணக்கியலில் அதற்கு இருக்கும் பெயருக்கு இது ஒரு காரணம். பிள்ளையைக் கணக்கியலில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் இதைக் கவனியுங்கள். (2023இல் திறந்த அதன் காயா கட்டடம் முழுக்க மரத்தால் எழுப்பியது போலவே இருக்கும். சேர நினைப்பவர்களுக்காக நடத்தும் ‘ஓப்பன் ஹவுஸ்’ நிகழ்ச்சிக்குப் போனால் அதையும் சுற்றிப் பாருங்கள், அவ்வளவு அழகு.)

எஸ்எம்யு, அதாவது சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் அதிகம் திணறுவது அங்கேதான். இருந்த இரண்டு பல்கலைக்கழகங்களைப் போல மூன்றாவது ஒன்று வேண்டாம், வேறு மாதிரி ஒன்று வேண்டும் என்று அரசு நினைத்து 2000இல் தொடங்கியது அது. அமெரிக்காவின் வார்ட்டன் பள்ளியோடு கைகோத்து அமைத்தார்கள். முதல் தலைவராக வந்த ஜேனிஸ் பெலஸ் வார்ட்டனிலிருந்து வந்தவர். 1961இல் அகமதாபாத் ஐஐஎம்முக்கு ஹார்வர்டும் கல்கத்தா ஐஐஎம்முக்கு எம்ஐடியும் துணை நின்றதை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதே வழி. பெரிய விரிவுரைக் கூடத்துக்குப் பதில் சின்ன வகுப்பு, கேள்வி, விவாதம். வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கு மதிப்பெண் உண்டு. ஆசிரியர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்பதே மரியாதை என்று நாம் வளர்ந்தவர்கள். நன்றாகப் படித்துவிட்டு வகுப்பில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் அங்கே மதிப்பெண் குறையும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறவர்கள் முதல் வாரத்திலிருந்தே கை தூக்குகிறார்கள்.

அங்கிருக்கும் பிசினஸ் ஸ்கூலுக்கு லீ கோங் சியான் பெயர். சிறுவனாகச் சீனாவிலிருந்து சிங்கப்பூர் வந்து, ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும் செல்வம் சேர்த்து, 1952இல் லீ அறக்கட்டளையைத் தொடங்கியவர். அந்த அறக்கட்டளையின் நன்கொடையால்தான் பள்ளிக்கு அவர் பெயர் வந்தது. பிழைக்க வந்த ஊருக்கே கல்வியைத் திருப்பித் தந்த மனிதர் என்பதால் எனக்கு அந்தப் பெயர்மேல் தனி மரியாதை. இன்னொன்று: எஸ்எம்யுவில் கணக்கியல் பள்ளி தனி, பிசினஸ் ஸ்கூல் தனி. மற்ற இரண்டு இடங்களிலும் கணக்கியல் பிசினஸ் ஸ்கூலுக்குள்ளே வரும். விண்ணப்பம் போடும்போது இது குழப்பும்.

பிரான்சின் இன்சியாட் பிசினஸ் ஸ்கூல் 2000இல் இங்கே வளாகம் திறந்தது. எம்பிஏ பத்தே மாதம். வேலையை விட்டுவிட்டுப் போக முடிந்தவர்களுக்கு மட்டும் அது.

அடுத்தது எஸ்ஐஎம், எஸ்யுஎஸ்எஸ். பொருளாதார வளர்ச்சிக் கழகத்தின் முயற்சியில் 1964இல் தொடங்கியது சிங்கப்பூர் நிர்வாகக் கழகம், அதாவது எஸ்ஐஎம். நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்குப் பயிற்சி தருவது அதன் நோக்கம். அதிலிருந்து 2005இல் யூனிசிம் என்ற பல்கலைக்கழகம் பிறந்தது. 2017இல் அது அரசின் ஆறாவது தன்னாட்சிப் பல்கலைக்கழகமாகி எஸ்யுஎஸ்எஸ் (சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம்) என்று பெயர் மாறியது. வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு ஏற்ற இடம். தமிழிலேயே பட்டம் படிக்கவும் அங்கே வழி உண்டு. எஸ்ஐஎம்மின் தனியார் கல்விப் பிரிவு லண்டன் பல்கலைக்கழகம் போன்ற வெளிநாட்டுப் பட்டங்களை நடத்துகிறது. இரண்டும் கிளமெண்டி ரோட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றென்றே நினைத்துவிடுகிறார்கள். ஒன்று தன்னாட்சிப் பல்கலைக்கழகம், மற்றது தனியார் கல்வி நிறுவனம்.

இந்த வேறுபாடு நம்மைப் போன்றவர்களுக்கு ஏன் முக்கியம்? வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்பிளாய்மென்ட் பாஸுக்கு 2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ் புள்ளி முறை வந்திருக்கிறது. மொத்தம் 40 புள்ளி வேண்டும். கல்வித் தகுதிக்கு மட்டும், முன்னணிக் கல்வி நிறுவனங்களின் பட்டத்துக்கு 20, மற்ற பட்டங்களுக்கு 10. சிங்கப்பூரின் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் அந்த முன்னணி வரிசையில் வருகின்றன. அதனால் சேரும் முன், கையெழுத்திட்டுப் பட்டம் தரப்போவது எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வகுப்பு நடக்கும் கட்டடத்தின் பெயர்ப் பலகையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

தனியார் நிறுவனம்தான் என்றால், தனியார் கல்வி நிறுவனங்களுக்கான எடுட்ரஸ்ட் தரச் சான்றிதழ் இருக்கிறதா, நீங்கள் கட்டும் பணத்துக்குக் கட்டணப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும் மனம் மாற ஏழு வேலை நாள் அவகாசம் உண்டு. “இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி” என்று அவசரப்படுத்தும் ஏஜென்டிடம் அதைச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் இளநிலைப் பட்டத்துக்குச் சேரும்போது அரசின் கல்விக் கட்டண மானியம் எடுத்தால் கட்டணம் நன்றாகக் குறையும். வெளிநாட்டவர் அதற்குப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட வேண்டும். பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அந்த மூன்று ஆண்டுகளும் அவர்களுடையவை.

அப்புறம், பள்ளிகளின் வலைப்பக்கத்தில் இருக்கும் நோக்க அறிக்கை. எல்லோரும் ஆசியா, தலைமைத்துவம் என்றுதான் எழுதியிருப்பார்கள். உண்மையில் எது நடக்கிறது என்று தெரிய, எம்பிஏ படிப்புக்கான அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். கடந்த வகுப்பில் எந்தத் துறைகளிலிருந்து வந்தார்கள், பகுதிநேர மாணவர்களுக்கு வேலைவாய்ப்புப் பிரிவு எந்த அளவுக்கு உதவும் என்று நேராகக் கேளுங்கள். பேராசிரியருக்கோ டீனுக்கோ எழுதிக் காத்திருக்க வேண்டாம், சேர்க்கை வேலை அவர்கள் மேசையில் நடப்பதில்லை. முனைவர் பட்டத்துக்கு மட்டும் உங்கள் ஆய்வுக்குப் பொருந்தும் துறைப் பேராசிரியரைத் தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள்.

டிபென்டன்ட் பாஸில், அதாவது கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்த பாஸில் வந்திருக்கும் தங்கைகள் சிலர், படித்துவிட்டு வேலைக்குப் போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2021 மே முதல் அந்தப் பாஸில் இருப்பவர்கள் வேலைக்குப் போகத் தங்கள் பெயரிலேயே வேலை அனுமதி வாங்க வேண்டும். கணவரின் பாஸை நம்பிப் படிப்பைத் தேர்வு செய்யாமல், மேலே சொன்ன காம்பஸ் புள்ளிகளை உங்கள் பெயருக்கே கணக்குப் போட்டுப் பாருங்கள் அம்மா. மனிதவள அமைச்சின் இணையதளத்தில் அதற்கான சுய மதிப்பீட்டுக் கருவி இலவசமாக இருக்கிறது.