பொருள்: பின்சக்கரம் ஏறி இறங்குவதற்கு ஒரு தமிழ்ச்சொல்

பீளமேட்டிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான செய்முறைத் தாளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எங்கள் கூடத்தில் பாதி பூட்டிய கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டுவது) ஒன்று நிற்கிறது. சேசிஸ் (அடிச்சட்டம்), பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம், அதிர்வு தாங்கும் ஷாக், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் வரை வந்தாயிற்று, பாடி இன்னும் ஏறவில்லை. பின்சக்கரம் மேலே எவ்வளவு போகும், கீழே எவ்வளவு வரும் என்று இப்போதே பார்த்துவிட வேண்டும். பாடி ஏறிவிட்டால் டயர் எங்கே உரசுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

பழைய தாளில் ‘பின்சக்கர ஆட்டம் பார்க்கவும்’ என்றிருக்கிறது. அதைப் படித்த பையன்கள் டயரை மேலும் கீழும் பிடித்து உலுக்கிவிட்டு, “பேரிங் நல்லா இருக்குதுங்க” என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பட்டறையில் ஆட்டம் என்றால் தேய்ந்துபோய் வரும் தளர்ச்சிதான். எனக்கு மூன்று சொற்கள் வேண்டும்: மேலே போவதற்கு ஒன்று, கீழே வருவதற்கு ஒன்று, இரண்டும் சேர்ந்த மொத்தத்துக்கு (ஆங்கிலத்தில் வீல் ட்ராவல்) ஒன்று.

பல்லடத்திலிருந்து:

‘வீச்சு’ இருக்கிறதே. மேல்வீச்சு, கீழ்வீச்சு, முழுவீச்சு. மூன்றும் கிடைத்துவிட்டது.

பொள்ளாச்சியிலிருந்து:

வீச்சு வேண்டாம் அண்ணா. பள்ளி இயற்பியலில் வீச்சு என்பது நடுநிலையிலிருந்து ஒரு பக்க முனை வரை. ஊசலுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு. கார் அப்படியில்லை. தன் எடையில் நிற்கும் நிலையிலிருந்து மேலே 60 மி.மீ., கீழே 40 மி.மீ. என்று இருக்கலாம். வீச்சு என்று படித்தால் பையன் ஒரு பக்கம் அளந்து இரண்டால் பெருக்கிவிடுவான்.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு (மாணவர்களே கட்டிய பந்தயக் கார்களுக்கானது) போகும் மாணவர்களுக்கு இது தெரியும். ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் சக்கரம் மொத்தம் 50 மி.மீ.யாவது அசைய வேண்டும், அதில் மேல்நோக்கி மட்டும் 25 மி.மீ.யாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் சொல்லும் தனித்தனியாக இருப்பதே நல்லது.

ஈரோட்டிலிருந்து:

அன்பர்களே, புதிதாகச் செய்ய வேண்டியதில்லை, புறநானூற்றிலேயே இருக்கிறது. 102-ஆம் பாட்டில், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உப்பு வணிகரின் சகடத்தைச் சொல்கிறார்: ‘அவல் இழியினும் மிசை ஏறினும்’. அவல் என்றால் பள்ளம், மிசை என்றால் மேடு. சக்கரம் மேட்டில் ஏறினால் மிசையேற்றம், பள்ளத்தில் விழுந்தால் அவலிழிவு. ஆங்கிலத்தாரும் மேலே போவதற்குச் சாலையின் மேட்டைக் குறிக்கும் ‘பம்ப்’ (bump) என்ற சொல்லையே வைத்திருக்கிறார்கள். நம்மிடம் மேடு பள்ளம் இரண்டுமே கவிதையில் சோடியாக நிற்கின்றன. தகடூர் மன்னன் மகனைப் பாடிய பாட்டு நமக்கு அண்டை நாட்டுச் சொத்து வேறு.

அதே பாட்டில்தான் வண்டிக்கு அடியில் கட்டிவைத்த ‘சேம அச்சு’, அதாவது மாற்று அச்சு, வருகிறது. மாற்றுச் சக்கரத்தைச் சேமச் சக்கரம் என்று ஏன் சொல்லக் கூடாது? ஸ்டெப்னி என்பது வேல்சு நாட்டு லனெத்லி ஊரின் ஒரு தெருப்பெயர். அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

சிங்காநல்லூர் பட்டறையிலிருந்து:

ஐயா, பாட்டு அருமைங்க. ஆனால் ஸ்டெப்னியை விட்டுவிடுங்கள். அது கொங்கு நாட்டில் எந்தச் சந்துக்குப் போனாலும் புரியும். நான் வேலையைச் சொல்கிறேன், சொல்லை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட வேண்டும். பாதி பூட்டிய வண்டியில் எடை இருக்காது. ஸ்பிரிங்கோடு ஜாக்கி வைத்தால் ஸ்பிரிங் அமுங்காது, வண்டியே ஸ்டாண்டை விட்டு எழுந்துவிடும். அப்புறம் ஹப்புக்கு (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) அடியில் ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஹப்பின் நடுவிலிருந்து சேசிஸில் ஒரு குறி வரை அளந்துகொண்டே போக வேண்டும். மேலே போகும்போது ரப்பர் ஸ்டாப்தான் முதலில் முட்ட வேண்டும், ஷாக் உள்ளுக்குள் முட்டக் கூடாது. முழுக்கக் கீழே விட்டால் பிரேக் ஹோஸ் விறைப்பாக இழுபடக் கூடாது, டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் கோணம் கூடி இறுகக் கூடாது.

இன்னொன்று. ஷாக் அசைவதும் சக்கரம் அசைவதும் ஒன்றல்ல. கீழ் ஆர்மின் உள்முனையிலிருந்து ஹப் 300 மி.மீ. தள்ளி, ஷாக் 240 மி.மீ. தள்ளி இருந்தால், ஷாக் 80 மி.மீ. அமுங்கும்போது சக்கரம் ஏறத்தாழ 100 மி.மீ. ஏறும். அதுவும் ஷாக் நேராக நின்றால்தான். சாய்ந்திருந்தால் இன்னும் கூடும். எந்தச் சொல் வைத்தாலும் முன்னால் ‘சக்கர’ என்றோ ‘ஷாக்’ என்றோ போட்டே ஆக வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து:

பட்டறை அண்ணன் சொன்னதை அப்படியே தாளில் போடலாம்.

ஐயா, 102-ஆம் பாட்டில் எனக்கு ஒரு தடை. அந்தச் சகடத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. அச்சு வண்டியோடு சேர்ந்தது, பள்ளத்தில் இறங்கினால் வண்டியே இறங்கும். நமக்கு வேண்டியது சேசிஸ் நிற்க, சக்கரம் மட்டும் அசைவது. மேலும் இந்தச் சோதனையில் கார் ஸ்டாண்டில் நிற்கிறது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அவல் என்றால் பையன்களுக்குச் சரஸ்வதி பூஜைதான் நினைவுக்கு வரும்.

ஈரோட்டிலிருந்து:

அம்மணி, நியாயமான தடை. ஆனால் சொல் பொருளோடு விரியும். பண்ணையக்காரர்கள் வில்வண்டி பூட்டினார்களே, அங்கே அம்பு எய்யும் வில்லா இருந்தது? வளைந்து நிமிரும் பட்டையைக் கண்டதும் வில் என்றார்கள். யாரும் குழுப் போட்டு முடிவு செய்யவில்லை.

பல்லடத்திலிருந்து:

அந்த வழியிலேயே போனால் ‘ஏற்றம், இறக்கம்’ போதுமே. யாருக்கும் விளக்க வேண்டாம்.

பீளமேட்டிலிருந்து:

இதே தாளில் நான்கு வரி தள்ளி ‘ஏற்றத்தில் கைப்பிரேக் பிடிக்கிறதா’ என்று வருகிறதுங்க. ஒரே பக்கத்தில் ஏற்றத்துக்கு இரண்டு பொருள் வைக்க முடியாது.

பொள்ளாச்சியிலிருந்து:

அப்படியானால் வினைத்தொகையாக்கிவிடலாம்: ஏறளவு, இறங்களவு. மொத்தத்துக்கு ஏறிறங்களவு. பட்டறையில் ‘எவ்வளவு ஏறுது, எவ்வளவு இறங்குது’ என்றுதான் கேட்கிறார்கள், அதே வினைகள்தான்.

ஈரோட்டிலிருந்து:

புணர்ச்சி சரி. குற்றியலுகரம் உயிர் வந்தால் மெய்விட்டு ஓடும், ஏறு + அளவு ஏறளவுதான். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் அழகில்லை, வேரும் ஆழமில்லை.

சிங்காநல்லூர் பட்டறையிலிருந்து:

ஏறளவு வாயில் நிற்கிறது. இறங்களவு என்று சேர்த்துப் போட்டால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். ‘இறங்கு அளவு’ என்று பிரித்துப் போடுங்கள். ஏறிறங்களவு வேண்டவே வேண்டாம், ‘மொத்த அளவு’ போதும்.

பல்லடத்திலிருந்து:

சரி, என் ஓட்டும் அதற்கே. ஆனாலும் ஒரு குறை. அளவு என்பது எண், அசைவு அல்ல. ‘ரப்பர் ஸ்டாப் வீல் ட்ராவலைத் தடுக்கிறது’ என்று எழுத வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்? அளவையா தடுக்கிறது?

பீளமேட்டிலிருந்து:

அந்த இடத்தில் ‘சக்கரம் மேலும் ஏறாமல் தடுக்கிறது’ என்று எழுதியிருக்கிறேன். வினை இருக்கும்போது பெயர் தேவைப்படவில்லை. தாளில் இப்போது இருப்பது: சக்கர ஏறளவு, சக்கர இறங்கு அளவு, சக்கர மொத்த அளவு. ஷாக்குக்குத் தனி வரிசை. நாளை மாலை வரை மறுப்பு வந்தால் பார்க்கிறேன். அதற்குமேல் அச்சகம் காத்திருக்காது.

ஈரோட்டிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அச்சுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நான் தொகுத்துவரும் சொற்பட்டியலில் மிசையேற்றம், அவலிழிவு என்றே இருக்கும், பக்கத்தில் உங்கள் ஏறளவையும் தருவேன். சேமச் சக்கரத்துக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.