இரண்டு பெர்ப்பரும் ஒரு ரப்பரும்

சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சி. எதை எடுத்தாலும் ஒரே விலை என்று வைத்திருந்த வெளிநாட்டு நோட்டுப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய நோட்டு சிக்கியது. என்ன நாடென்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினாலும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஏனென்றால் நோட்டில் இருந்தது சிரிலிக் எழுத்து; நம் ஆங்கிலக் கண்ணுக்கு 'பி' மாதிரி இருப்பது அங்கே 'ர்' என்பது புரியவே இரண்டு நாள் ஆனது. அப்புறம்தான் படித்தேன்: இரண்டு பெர்ப்பர். அந்தக் காலத்து மாண்டினீக்ரோ ராஜ்ஜியத்தின் பணம், தேதி 25.7.1914, முதல் உலகப்போர் வெடித்த நேரம்.

ஐரோப்பாவில் ஒரு சின்ன மலை நாடு. 1906 வரைக்கும் சொந்தக் காசே கிடையாது, அக்கம்பக்கத்து நாட்டுப் பணத்தில்தான் வியாபாரம். சொந்தமாகப் போட்ட முதல் காசுகளையும் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில்தான் அடித்து வாங்கினார்கள். அதே ஆஸ்திரியாவோடுதான் 1914-ல் சண்டை. கையில் இருக்கிற வெள்ளியை வைத்துப் போர் நடத்த முடியுமா? காகிதத்தை அச்சடித்தார்கள்.

சரி, என் கூத்துக்கு வருகிறேன். நோட்டின் மேல் மை மங்கிய ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. யாரோ கடைக்காரர் குத்திய சீல் என்று நினைத்து, பையனின் பென்சில் டப்பாவில் இருந்த அழி ரப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்தேன். மை கொஞ்சம் போனது, கூடவே காகிதத்தின் தோலும் உரிந்தது. பயந்து நிறுத்திவிட்டேன்.

அது கடை சீல் இல்லை. 1916 ஜனவரியில் ஆஸ்திரியப் படை உள்ளே வந்து, மன்னர் நிக்கோலா இத்தாலி வழியாகப் பிரான்சுக்குத் தப்பிப் போன பிறகு, அவர் போட்ட நோட்டிலேயே ராணுவ நிர்வாகம் ஊர் ஊராக முத்திரை குத்திப் புழங்க விட்டது. முத்திரையில் ஜெர்மன் வாசகம், கடைசியில் மாவட்டத்தின் பெயர். செட்டின்யே, நிக்ஷிச், கோலாஷின், இப்பெக், ஸ்டாரி பார், போட்கோரிட்சா, பிளெவ்லியே என்று ஏழு ஊர். ஆளை விரட்டிவிட்டு அவர் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள் பாருங்கள்! நான் துடைத்தது சரியாக அந்த ஊர்ப் பெயரை.

இப்போது மிஞ்சியிருப்பது முதல் எழுத்து மட்டும். 'பி'. இந்தத் தடவை நிஜமான 'பி'தான், ஜெர்மன் எழுத்து. போட்கோரிட்சாவா பிளெவ்லியேவா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டில் ஏதாவது ஒரு முத்திரை உங்களிடம் தெளிவாக இருந்தால் படம் போடுங்கள், அந்த எழுத்துக்கு அப்புறம் ஊர்ப் பெயர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும்.