60 வயசுக்கு மேல புதுசா ஒண்ண கையில எடுத்தவங்கள பாத்திருக்கீங்களா? சொல்லுங்க

குலசேகரத்துக்காரன்:
நானே தொடங்குறேன். எங்க அப்பா ரப்பர் பால்வெட்டு, 35 வருசம். வெயில் ஏறுனா பால் சீக்கிரம் நின்னுரும்னு காலைல 4 மணிக்கே தலையில லைட்ட கட்டிட்டு தோட்டத்துக்கு போயிருவாவ. வேலைய விட்ட பெறவும் அதே 4 மணிக்கு முழிப்பு வந்துரும், இருட்டுல சும்மா திண்ணையில இருப்பாவ, பாக்க நெஞ்சு கனக்கும். ஒருநாள் பால் புடிக்கிற பழைய தேங்காச் சிரட்டைய சுரண்டிச் சுரண்டி பேரப்பிள்ளைக்கு ஒரு மீன் செஞ்சு குடுத்தாவ, அன்னைக்கு தொடங்குனது இன்னும் நிக்கல. இப்ப 71 வயசு. கொக்கு, வள்ளம், பனைமரம்னு திண்ணை நிறைய இருக்கு. ரப்பர்ல பட்டைய மட்டும் மெல்லிசா சீவணும், கத்தி உள்ள இருக்குற மரக்கட்டையில பட்டுட்டுன்னா அந்த இடம் முண்டும் முடிச்சுமாத்தான் வளரும், அப்பறம் அங்க ஒழுங்கா வெட்ட முடியாது. அந்த கைப்பக்குவம்தான் சிரட்டையில இறங்குதுன்னு நினைக்கேன். விக்கலாமேப்பான்னு கேட்டேன். "வெட்டுனதெல்லாம் எடைபோட்டு குடுத்தாச்சு மக்களே, இது இங்க இருக்கட்டும்"னாவ.

தோவாளை மருமக:
படிச்சு அழுதுட்டேன் அண்ணா. எங்க மாமியார் மாலை கட்டுதவங்க. மாணிக்கமாலை தெரியும்லா, அரளிப்பூவும் நொச்சி இலையும் மடிச்சு மடிச்சு பாய் மாதிரி தட்டையா வரும், 2025ல புவிசார் குறியீடு கூட கிடைச்சுது. சின்னதுலேருந்தே ஆர்டர் எப்படியோ அப்படித்தான் கட்டுவாங்க. 66 வயசுல கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு வீட்ல இருந்தப்ப மிச்சப் பூவ வச்சு அவங்களா ஒரு டிசைன் போட்டாங்க, சிவப்புக்கு நடுவுல வெள்ளை அலை அலையா போகும். அத கொண்டு போய் மாமா போட்டோவுக்குத்தான் போட்டாங்க. "அவிய இருக்கும்போது இதுக்கு நேரமே கிடைக்கல"ன்னு ஒரே ஒரு வார்த்தை, அப்பறம் அடுத்தத கட்ட உக்காந்துட்டாங்க.

வடசேரி பொண்ணு:
எங்க ஊர் மாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த வில்லுப்பாட்டு செட்ல தாளத்துக்கு குடம் அடிச்சது ரிட்டயர்டான ஒரு கணக்கு டீச்சர். முதல்ல ரெண்டு செட்ல சேத்துக்கவே இல்லையாம், இந்த வயசுல ராத்திரி முழுக்க உக்காருவீங்களான்னு கேட்டாங்களாம். விடிய விடிய உக்காந்திருந்தாங்க, நான்தான் தூங்கிட்டேன். எங்கம்மா பக்கத்துல கண்ணு கொட்டாம அவங்க கையவே பாத்துட்டு இருந்தா. வீட்டுக்கு வந்து பித்தளைக் குடத்த கழுவும்போது மெல்ல தட்டிப் பாக்கா, என்னைய பாத்ததும் நிறுத்திட்டா. அம்மாக்கு 62. நாகர்கோவில் பக்கம் குடம் சொல்லிக் குடுக்கிறவங்க யாராவது தெரிஞ்சா சொல்லுங்களேன்.