பெட்டைக்கோழிக்கு இரைப்பை இறுகிப்போச்சு, காலையிலும் இறங்கலை

கேள்வி: கொல்லைக்கோழி
சிறுவிடைங்கிற நாட்டுக்கோழிப் பெட்டை, ஒன்றரை கிலோ இருக்கும். ராத்திரி அடைக்கும்போது உப்பியிருந்த இரைப்பை (கழுத்தடியில இரை தங்குற பை) காலையில திறந்துவிட்டப்பவும் அப்படியே கெட்டியா நிக்குது. தீனி வச்சா ரெண்டு கொத்து கொத்திட்டு, கழுத்தை நெளிச்சுக்கிட்டு ஒதுங்கிடுது. எச்சம் பச்சையா, தண்ணியா, கொஞ்சமாத்தான் போகுது. தலைகீழாப் பிடிச்சுப் பிழிஞ்சா சரியாகும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. செய்யலாமா?

பதில்: பஞ்சாரம்
வேண்டவே வேண்டாம். மேலே வர்ற இரை மூச்சுக்குழலுக்குள்ள இறங்கினா அந்த இடத்துலயே செத்துடலாம்.

முதல்ல தொட்டுப் பாருங்க. பிசைஞ்ச மாவு மாதிரி இருந்து, விரல் அழுத்தின குழி அப்படியே நின்னா அடைப்பு. தளதளன்னு தண்ணி கட்டி, வாயில புளிச்ச வாடை அடிச்சா அது பூஞ்சை. அதுக்கு மருந்து வேற, பிசையவும் கூடாது.

அடைப்புதான்னா தனியா அடைச்சு, 24 மணி நேரம் தீனியை நிறுத்துங்க. தண்ணி எப்பவும் இருக்கணும். கூண்டுக்குள்ள வைக்கோல், சாக்கு போடாதீங்க, அதையும் கொத்தும். 5 மில்லி சிரிஞ்சுல ஊசியைக் கழட்டிட்டு, வெதுவெதுப்பான தண்ணியை அலகோட ஓரத்துல சொட்டுச் சொட்டா விடுங்க. நாக்குக்குப் பின்னாடி நடுவுல திறந்து மூடுற ஓட்டைதான் மூச்சுக்குழல் வாய், அதுல பீய்ச்சிடக் கூடாது. விழுங்கினதைப் பார்த்துட்டு அடுத்த சொட்டு. ஒரு வேளைக்கு 10 மில்லி போதும்.

பிறகு 5 நிமிஷம் விரல் நுனியால கட்டியோட ஓரத்திலிருந்து மெதுவா உதிர்த்துக்கிட்டே வாங்க. நடுவுல போட்டு அமுக்கினா உள்ளே இருக்கிற முரட்டுத் தண்டு இரைப்பைச் சுவரைக் குத்தும். ஒரு நாளைக்கு 3, 4 தடவை செய்யலாம்.

பதில்: கருங்கல்சல்லி
எண்ணெய் விடச் சொல்லி யாராவது வருவாங்க. 2 மில்லி தேங்காய் எண்ணெய் கெடுதல் இல்ல, ஆனா எண்ணெய் வழுக்கத்தான் செய்யும், நாரை ஊற வைக்காது. வேலை செய்றது தண்ணிதான். அதோட, எண்ணெய் நுரையீரலுக்குப் போனா தண்ணியை விட மோசம்.

என்ன தின்னதுன்னு தேடுங்க. நீளமான காய்ஞ்ச புல், தென்னை நார், சாக்கு நூல், பிளாஸ்டிக் துண்டு இதுங்கதான் வழக்கமான காரணம். இன்னொண்ணு, கீழே இரையைக் கல்லோட சேர்த்து அரைக்கிற அரைவைப்பை அடைச்சிருந்தாலும் மேலே இரைப்பை இறங்காது. கூண்டிலேயே அடைஞ்சு கிடக்கிற கோழிக்கு அரைக்கிறதுக்குக் கல் கிடைக்காது. 2 முதல் 4 மி.மீ. கருங்கல் பொடிசு தனித் தட்டுல வைங்க. கிளிஞ்சல் வச்சிருக்கேனேன்னு விட்டுடாதீங்க, அது உள்ளே போய்க் கரைஞ்சுடும், சுண்ணாம்புச் சத்துக்குத்தான் ஆகும். திரும்பத் திரும்ப வந்தா குடற்புழுவையும் பாருங்க. ஒரு காலை இழுத்து நடந்தா மேரக்ஸ்ங்கிற வைரஸ் நோயா இருக்கலாம், அதுல இரைப்பைக்குப் போற நரம்பே செயலிழந்துடும்.

கொல்லைக்கோழி
கட்டி ஓரத்துல இளகியிருக்கு. ஆனா நடுவுல கயிறு மாதிரி ஒண்ணு தட்டுப்படுது. கொல்லையில பழைய சாக்கு காயுது, ஓரமெல்லாம் பிரிஞ்சிருக்கு.

பதில்: தையல்ஊசி
அப்போ பிசையறதை நிறுத்துங்க. நூல் உருண்டை கரையாது, இறுகத்தான் செய்யும். வாயில நூல் முனை தெரிஞ்சாலும் இழுக்காதீங்க, உள்ளே அறுத்துடும்.

கீறித்தான் எடுக்கணும். பிளேடால கீறி வீட்டு ஊசி நூலால தைக்கிறது ஊருல நடக்கிறதுதான், சில கோழி பிழைச்சும் இருக்கு. கெட்டுப்போறது பெரும்பாலும் தையல்ல: இரைப்பைச் சுவரையும் தோலையும் சேர்த்து ஒரே தையலாப் போடுறாங்க. இரை கசிஞ்சு சீழ் பிடிக்குது. ரெண்டையும் தனித்தனியாத் தைக்கணும், அதுவும் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு. அந்த மருந்து கொஞ்சம் கூடினாலே கோழி தாங்காது, அதனால கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போயிடுங்க. தமிழ்நாட்டுல கால்நடை உதவி எண் 1962-க்குக் கூப்பிட்டும் கேட்கலாம்.

தச்ச பிறகு சில நாள் நீர்த்த கூழ் மட்டும், கொஞ்சம் கொஞ்சமா பல தடவை. முழு தானியம், கீரைத் தண்டு டாக்டர் சொல்ற வரைக்கும் வேண்டாம். ஆன்டிபயாடிக் கொடுத்தா எத்தனை நாள் முட்டையை ஒதுக்கணும்னு அங்கேயே கேட்டுக்கங்க.