ரன்டைம்ல இன்ஃபரன்ஸ் ரூல் அப்டேட்: ஒரு சொல்லு போதாது, ரெண்டு வேணும்

வணக்கம் ஐயா, வணக்கம் நண்பர்களே.

"ரன்டைம் இன்ஃபரன்ஸ் ரூல் அப்டேட்"டுக்கு, அதாவது இருக்கிற தகவல்லருந்து புதுத் தகவல எடுக்கச் சொல்ற விதிய, சர்வர் ஓடிக்கிட்டிருக்கும்போதே மாத்துறதுக்கு, தமிழ்ச் சொல்லா ஐயா முன்வச்ச "இயக்கநேர அனுமான விதி இற்றைப்படுத்தல்" பத்தி மூணு நாளா யோசிச்சுட்டுத்தான் எழுதுறேன். இலக்கணப்படி அதுல ஒரு குத்தமும் இல்ல. ஆனா இந்த வேலைய கையால செஞ்சு அடிபட்டவன்ங்கிற முறையில சொல்றேன், அந்தச் சொல்லு ஒரு முக்கியமான விஷயத்த மறைச்சுடுது.

என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுறேன். காரைக்குடியில எங்க வீட்டுப் பழைய கல்யாண ஏடு, மொய்க் கணக்கு எல்லாத்தையும் ஒரு செமான்டிக் வெப் சர்வர்ல, அதாவது யாருக்கு எது என்ன உறவுன்னு தொடர்பாவே தகவல வச்சுக்கிற சர்வர்ல, ஏத்திக்கிட்டிருக்கேன். ஒவ்வொரு தகவலும் மூணு துண்டு: இன்னார், கோயில், மாத்தூர். இன்னார், தகப்பனார், இன்னார். நம்ம நகரத்தார் பக்கம் ஒன்பது கோயில், ஒரே கோயில்காரங்க பங்காளி, பங்காளிக்குள்ள கல்யாணம் கிடையாது, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதையே ரூலா எழுதினேன்: ரெண்டு பேருக்கும் கோயில் ஒண்ணுன்னா பங்காளின்னு நீயே சேத்துக்க. சர்வரும் சேத்துக்கிச்சு.

எங்க அப்பத்தா பக்கத்துல உக்காந்து ஸ்கிரீனப் பாத்துட்டு, "அவுக வீட்டுக்கும் இவுக வீட்டுக்கும் கொண்டுகொடுப்பு இருக்கேப்பா, பங்காளின்னு எப்படி வரும்?"னு கேட்டாக. அப்பத்தான் உறைச்சுச்சு, ரெண்டு வீடும் இளையாத்தங்குடி, ஆனா உட்பிரிவு வேற வேற. இளையாத்தங்குடியிலயும் மாத்தூர்லயும் உட்பிரிவு ஏழேழு இருக்கு, அதுல சில பிரிவுக்குள்ள சம்பந்தம் பண்ணிக்கிறது உண்டு, அத நான் ரூல்ல எழுதவே இல்ல. சரின்னு சர்வர நிறுத்தாமயே ரூல மட்டும் திருத்திவிட்டேன். புதுசா ஏத்துன ஆளுகளுக்கு எல்லாம் சரியா வந்துச்சு. பழைய ஆளுக மட்டும் பங்காளியாவே நின்னாக. ரெண்டு ராத்திரி என் ரூல்லதான் தப்புன்னு அதையே திரும்பத் திரும்ப மாத்தி எழுதிக்கிட்டிருந்தேன்.

தப்பு ரூல்ல இல்ல. இந்த வகை சர்வர் தகவல் உள்ள வரும்போதே ரூல ஓட்டி, கிடைச்ச முடிவையும் நாம டைப் பண்ணுன தகவல் மாதிரியே எழுதி வச்சுக்கும். ஒரு கோயில்ல 300 பேருன்னு வச்சுக்கங்க, ஒவ்வொருத்தருக்கும் மத்த 299 பேரும் பங்காளி, ஆக 89,700 வரி. அதுல ஒண்ணக்கூட நான் டைப் பண்ணல, அத்தனையும் ரூல் போட்டது. ரூல் மாறினதும் புது ரூல் இனிமே வர்றத மட்டும் பாத்துக்கும், பழைய ரூல் எழுதுன 89,700 வரியும் அசையாம அங்கேயேதான் இருக்கும். இந்த வகையச் சேந்த கிராஃப்டிபிங்கிற மென்பொருள்ல இதுக்குன்னே தனியா ரீஇன்ஃபர்னு ஒரு கட்டளை இருக்கு. அதக் கொடுத்தா, தானா வந்தது எல்லாத்தையும் அழிச்சுட்டு இப்ப இருக்கிற ரூல வச்சு மொதல்லருந்து கணக்குப் போடும், நாம கையால ஏத்துனதத் தொடாது.

இப்பச் சொல்லுங்க ஐயா, "இற்றைப்படுத்தல்"னு பட்டன்ல போட்டா அமுக்குறவர் என்ன நினைப்பாரு? விதி, முடிவு எல்லாமே இன்னைக்குத் தேதிக்கு வந்துருச்சுன்னுதானே. அந்த நம்பிக்கையிலதான் நான் ரெண்டு ராத்திரி வீணாக்கினேன். அதனால விதிய மாத்துறதுக்கு ஒரு பேரு, முடிவ திரும்பப் போடுறதுக்கு வேற பேரு, ரெண்டும் தனித்தனியா வேணும்.

அடுத்து "அனுமானம்". தர்க்கத்துல அது சரியான சொல்லுதான், சைவ சித்தாந்த அளவையில கருதல்னு சொல்றதும் அதுதான். ஆனா இன்னைக்கு வீட்டுல "சும்மா அனுமானத்துல பேசாத"ன்னா குத்துமதிப்புன்னு அர்த்தமாயிருச்சு. சர்வர் குத்துமதிப்பா எதையும் சொல்றதில்ல. "உய்த்துணர்வு" அழகான சொல்லு, நன்னூல் உத்தியிலயே உய்த்துணர வைப்பு இருக்கு, ஆனா அங்க ஆசிரியர் சொல்லாம விட்டத படிக்கிறவர் உணர்றாரு, மெஷினுக்கு உணர்வக் கொடுக்க எனக்கு மனசு வரல.

என்னோட சொல்லு வருவித்தல். தமிழ் மீடியத்துல படிச்ச எல்லாரும் "சமன்பாட்டை வருவி"ன்னு பரீட்சையில பாத்திருப்போம். அதவிடப் பெரிய காரணம் உரையாசிரியர்கள். பாட்டுல வெளிப்படையா இல்லாத சொல்ல, இருக்கிற சொல்லுகள வச்சுக் கொண்டாந்து பொருள் சொல்லும்போது "வருவித்து உரைக்கப்பட்டது"ன்னு எழுதுவாங்க. சர்வர் பண்றது அச்சா அதேதான், ஏட்டுல எழுதாதத எழுதுனதுலருந்து வரவழைக்குது. எழுதுனது எது, வருவிச்சது எதுன்னு உரையாசிரியர் பிரிச்சுக் காட்டுற நேர்மையும் அந்தச் சொல்லோடயே வந்துடுது. அதனால வருவிப்பு விதி, வருவித்த தகவல். சுருக்கி "வருவிதி"ன்னு வச்சுக்கலாம்னு ஒரு தம்பி எழுதியிருந்தாரு, ஆசையாத்தான் இருக்கு, ஆனா வரப்போற தலைவிதின்னு படிச்சுடுவாங்கப்பா, வேண்டாம்.

ரன்டைமுக்கு "இயக்கநேரம்"ங்கிறது கம்பைல் டைமுக்கு, அதாவது புரோகிராம ஓட்டுறதுக்கு முன்னாடி மெஷின் மொழிக்கு மாத்துற நேரத்துக்கு, எதிரா நிக்கும்போது பொருந்தும். இங்க கேள்வியே வேற, சர்வர் நிக்காம ஓடிக்கிட்டிருக்கும்போதே மாத்துறது. நம்ம ஊர்ல வளவுல (பெரிய வீட்டுல) ஆளு பொழங்கிக்கிட்டிருக்கும்போதே ஒரு பக்கமா ஓடு பிரிச்சு மாத்துவாங்களே, அந்த மாதிரி. அதனால நேரத்த விட்டுட்டு நிலையப் பிடிப்போம்: இயங்குநிலை விதிமாற்றம். அதுக்கு அடுத்தது மறுவருவிப்பு.

ஸ்டார்டாக்ங்கிற இன்னொரு மென்பொருள் மாதிரி, கேள்வி கேக்கும்போதுதான் ரூல ஓட்டுற சர்வர்ல முடிவ எழுதியே வைக்கிறதில்ல, விதிமாற்றத்தோட வேலை முடிஞ்சுது, மறுவருவிப்புங்கிற சொல்லே அங்க தேவைப்படாது. ஒரே சொல்லு வச்சிருந்தா இந்த வித்தியாசத்தச் சொல்ல வழியே இருக்காது. 1993லேயே வந்த டிரெட் (டிலீட் அண்ட் ரீடிரைவ்) வழிமுறை இருக்கு, எல்லாத்தையும் அழிக்காம பாதிக்கப்பட்டத மட்டும் தாராளமா அழிச்சுட்டு, வேற வழியில திரும்பக் கிடைக்கிறத மீட்டுக்கிறது. அதுக்கும் "அழித்து வருவித்தல்"னு இதே வேர்லருந்து சொல்லு கிடைக்குது பாருங்க.

தகப்பனார் பேரத் தப்பா ஏத்தித் திருத்துறது, பிள்ளை கூட்டுனத (தத்தெடுத்தத) அப்புறம் சேக்குறது, இதெல்லாம் தகவல் திருத்தம், விதிமாற்றம் இல்ல. இதையும் அதே சொல்லுல போட்டுக் குழப்பிடாதீங்க.

ஐயாகிட்ட ஒரே ஒரு சந்தேகம். பட்டன்ல ஏவலா "மறுவருவி"ன்னு போடலாமா, இல்ல "மீண்டும் வருவி"ன்னு பிரிச்சுப் போடுறதுதான் முறையா? எனக்கு மொதது பிடிச்சிருக்கு, ஆனா அப்பத்தாகிட்ட ரெண்டையும் படிச்சுக் காட்டுனப்ப ரெண்டாவதுதான் புரியுதுன்னாக.